லாவெண்டர் செத்துப்போன விவரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நான் இங்கே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். போனில் நான் வாயைத் திறந்தால் "அப்பா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்கிறாய். அந்த ஒரு நிமிஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முடிகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

சமாசாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கொடுத்த லாவெண்டர் செத்துவிட்டது. பந்தயத்தில் நீ ஜெயித்தாய், நான் தோற்றேன். சந்தோஷமா? ஆனால் அது எப்படிச் செத்தது என்பதை என் வாயால் நீ கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை அவர் இஷ்டத்துக்கு ஒரு கதை கட்டி, அதற்குப் படமும் போட்டுக் காட்டிவிடுவார்.

போன மழை முடிந்த கையோடு நீ வந்தாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன், பாத்திரம் தீய்ந்துபோனது. ஒரு பாத்திரம். அதை யாரோ உன் காதில் போட, வீடே பற்றி எரிந்த மாதிரி நீயும் மாப்பிள்ளையும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். கூடத்தில் உட்கார்ந்து, டாக்டர்கள் பேசுகிற மெல்லிய குரலில், "அப்பா, இனிமே உங்களால தனியா முடியாது, எங்ககூட வந்துடுங்க, இந்த வீட்டை வித்துடலாம்" என்றாய். மாட்டேன் என்றேன். இந்த வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு குழாயும் நான் என் கையால் பதித்தது. கட்டிலில் படுத்தபடியே எந்தக் குழாயை யார் திறந்தார்கள் என்று சொல்லுவேன். உன் அம்மா பாத்திரம் கழுவும்போது சமையலறைச் சுவருக்குள் குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவள் போன பிறகும் அதே குழாயைத் திறந்தால் அதே சத்தம்தான் வருகிறது, அதைக் கேட்பதற்காகவே நான் சில சமயம் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறேன். உங்கள் அடுக்குமாடியில் அதற்கு நான் எங்கே போவேன்? இதை அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கத்தத்தான் தெரிந்தது. நான் கத்தினேன், நீ அழுதாய், மாப்பிள்ளை போனைப் பார்த்தார். பிறகு நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போய், பேத்திக்கு வாங்கிய அந்தச் செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

"சரிப்பா. இதைப் பாத்துக்குங்க. அடுத்த தடவை நான் வரும்போது இது பூத்திருந்தா நீங்க இங்கேயே இருங்க, நான் வாயே திறக்க மாட்டேன். பட்டுப்போச்சுன்னா, பேசாம என்கூடக் கிளம்பிடணும்."

"சரி. எவ்வளவு தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டேன். ஒரு பொறுப்புள்ள ஆள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"தண்ணியே வேண்டாம்பா. கண்டுக்காம விட்டாலே நல்லா வரும்."

மகளே, அதைச் சொல்லும்போது நீ செடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய். அது உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

நான் என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் மறந்திருப்பாய். இந்த ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவன் நான். விடிகிறதற்கு முன்னால் என் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய், மூடியைத் தூக்கி, வால்வுக்குள் சாவியை விட்டுத் திருகி, சாவியின் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், கீழே தண்ணீர் ஓடுகிறதா, காற்று ஓடுகிறதா, நடுவில் எங்கே உடைந்திருக்கிறது, எல்லாம் தெரியும். கொஞ்சம் தாமதமானால் போதும், குடமும் வாளியுமாகக் கூட்டம் கூடி என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துவிடும். தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஜீவனை நான் வேலை பார்த்த காலத்தில் சந்தித்ததே இல்லை. பார்க்கப்போனால் வேண்டாம் என்கிறவன்தான் அதிகம் காய்ந்திருப்பான், கேட்க வெட்கப்படுவான், உன் அம்மா அந்த ரகம். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு செடியைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றாதே என்றால், அது என்னைக் கேலி செய்கிறதா இல்லையா?

அதனால் ஊற்றினேன். காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள், இங்கே வைத்தவள் காரில் ஏறிப் போய்விட்டாள், ஊற்றினவன் நான். முதலில் செடி நன்றாகத்தான் இருந்தது. கடையிலிருந்து வரும்போதே கொண்டுவந்த பூ ஊதா நிறத்தில் நின்றது, வீடு முழுக்கப் பவுடர் டப்பாவைத் திறந்து வைத்த வாசனை, தேனீ எங்கிருந்துதான் மோப்பம் பிடிக்குமோ, ஜன்னலில் வந்து மொய்த்தது. அதில் ஒன்று வழி தவறி அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவின் கடைக்குள் போய், ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கொட்டக்கூடாத இடத்தில் கொட்டிவிட்டது. தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, நீங்க செடி வளக்கறீங்களா, ஆளுங்களைக் கொல்ல ஏவி விடறீங்களா?" என்றாள். அந்த அம்மாளுக்கு வீக்கம் வடியும் வரைக்கும் எந்த அளவும் எடுக்க முடியாதாம். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் அவள் கடைக் குழாயில் வாஷரும் மாற்றிக் கொடுத்தேன். அந்த நன்றி எத்தனை நாள் நின்றது என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம்தான் நான் அந்த அக்கிரமத்தைக் கண்டுபிடித்தேன். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறது! தூக்கிப் பார்த்தால், அடியில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைத் தொட்டியை என் பெண் தலையில் எவனோ கட்டியிருக்கிறான் என்று வயிறு எரிந்தது. வேலை பார்த்த காலம் முழுக்க ஒழுகலைத் தேடித் தேடி அடைத்தவன் நான், என் வீட்டு ஜன்னலிலேயே ஒழுக விடுவேனா? தொட்டியைக் கவிழ்த்து, துடைத்துக் காய வைத்து, குழாய் மூட்டுக்குப் போடுகிற பசையை உருட்டி வைத்து அடைத்து, மேலே சிமெண்டும் பூசினேன். வேலை சுத்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கீழே போகவில்லை. அந்த வேலையை என் பழைய இன்ஜினியர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். இன்றைக்கும் அந்த அடைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

செடிக்குத்தான் நன்றி இல்லை. அடி இலையெல்லாம் மஞ்சளாயிற்று, தலை தொங்கிற்று. தொங்கினால் என்ன அர்த்தம்? அழுத்தம் பற்றவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு செம்பு கூட்டினேன். மத்தியானமும் ஊற்றினேன். உன் வீடியோ காலில் மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடியே, "மாமா, இதுக்கு ட்ரெய்னேஜ்தான் முக்கியம், வேருல தண்ணி நிக்கவே கூடாது" என்றார். எனக்கு! கொல்லன் தெருவில் வந்து ஊசி விற்கிறார்! தன் வீட்டு வாஷ்பேசின் அடைத்துக்கொண்டால் ஆளுக்குப் போன் போடுகிறவர், எனக்குத் தண்ணீர் எங்கே நிற்கும் எங்கே ஓடும் என்று பாடம் எடுக்கிறார். பெண்ணைக் கொடுத்த இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். போனை வைத்ததும் அந்தக் கோபத்தில் ஒரு செம்பு கூடுதலாக ஊற்றினேன்.

என் சிநேகிதன் மீட்டர் தினமும் டீ குடிக்க வருவான். தெரியுமே, எங்கள் ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன், பேரே அதுவாகப் போய்விட்டது. அவன் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது தேறாதுடா. பேசாம கடைக்குப் போய் இதே மாதிரி பூத்த செடியா ஒண்ணு வாங்கிட்டு வந்து வச்சுடு. உன் பொண்ணு என்ன, இலையை எண்ணியா வச்சிருக்கா?" என்றான். அவன் புத்தி அவ்வளவுதான், வெயில் ஜாஸ்தியானால் மரத்தடியில் உட்கார்ந்தே ரீடிங் எழுதினவன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. திறக்காத வால்வைத் திறந்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை. "தோத்தா தோத்துட்டுப் போறேன், எழுந்து போடா" என்று சொல்லிவிட்டேன். அவன் எழுந்து போகவில்லை. மிச்சம் இருந்த டீயைச் செடிக்கு ஊற்றினான். அதற்கும் உடம்புக்கு நல்லது என்றான்.

கடைசியில் ஒரு நாள் தண்டைத் தொட்டேன், கையோடு ஆடிற்று. வாசனை எல்லாம் போய், அடைத்த சாக்கடை நாற்றம். ஜன்னலில் கொசு. தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோனேன். பழைய செங்கல் தண்ணீர்த் தொட்டியை இடித்துப் போட்ட குவியல் அங்கே இன்னும் அப்படியே கிடக்கிறது, உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியை அதன் மேல் ஓங்கிப் போட்டேன். தொட்டி சுக்கல் சுக்கலாகப் போயிற்று, நான் அடைத்த அடைப்பு மட்டும் அசையவில்லை. செடி மண்ணோடு சரிந்து கல்லுக்கு நடுவில் விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே கிடக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. அன்றைக்குச் சாத்தின பின்கதவை இதுவரை நான் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போன் செய்கிறாய். எடுத்ததும் முதல் கேள்வி, "செடி எப்படிப்பா இருக்கு?" நான் எப்படி இருக்கிறேன் என்பது கடைசிக் கேள்வி, அதுவும் நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு கால் வந்துவிடும். செடி இருக்கு என்றேன். எங்கே இருக்கு என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் குப்பையில் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். வீடியோவில் காட்டச் சொல்லியிருந்தாலும் காட்டியிருப்பேன். நீ அதையும் கேட்கவில்லை, அதற்குக்கூட உனக்கு நேரம் இல்லை. என்ன அவசரமோ, போன வாரம் வீட்டு புரோக்கர் ஒருவன் வந்து நின்றான். மாப்பிள்ளை அனுப்பினாராம், "சும்மா பாத்துட்டுப் போகச் சொன்னாரு சார்." செடி செத்தது உங்களுக்குத் தெரியாது, பந்தயம் முடியவில்லை, அதற்குள் ஆள் வந்தாயிற்று. அவன் சுவரைத் தட்டினான், கூரையைப் பார்த்தான், சமையலறைக் குழாயைத் திறந்தான், உன் அம்மாவின் சத்தம் வந்தது, "பைப்பெல்லாம் பழசு, இடிச்சுத்தான் ஆகணும்" என்றான். திறந்த குழாயை ஒழுங்காக மூடக்கூடத் தெரியவில்லை, அவன் போன பிறகு சொட்டிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய் மூடினேன்.

இதெல்லாம் போதாதென்று தையல்காரம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, தேனீ திரும்பவும் வருது. உங்க வீட்டுப் பின்பக்கத்துலேருந்துதான் வருது" என்கிறாள். செடியே செத்துப்போச்சும்மா, தேனீ என்ன துக்கம் விசாரிக்கவா வரும் என்று கேட்டேன். "நான் என்ன பொய்யா சொல்றேன்? வந்து பாருங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, ஊசியில நூல் கோக்கவே எதிர்வீட்டுப் பொண்ணைக் கூப்பிடற நீ, தேனீ எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். கதவை அறைந்துவிட்டுப் போனாள். நான் மாற்றிக் கொடுத்த வாஷரைக் கழற்றி என் வாசலில் வைத்துவிட்டாள். இந்தத் தெருவில் இல்லாத தேனீயைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தனியாக இருக்கலாம், ஒரே ஒரு பாத்திரத்தைத் தீய்த்த நான் மட்டும் இருக்கக்கூடாது. நியாயம்தான்.

ஆக, வருகிறேன். வாக்குக் கொடுத்தவன், மீற மாட்டேன். மாப்பிள்ளைக்கு எப்போது சௌகரியமோ அப்போது காரை அனுப்பட்டும். உங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கிற அறையில் அவர் ஏறி மிதிக்கிற அந்தச் சைக்கிள் நிற்கிறது, எங்கேயும் போகாத சைக்கிள். அதை வெளியே போடச் சொல்லு, அல்லது வேண்டாம், இருக்கட்டும், எங்கேயும் போகாத இன்னொருவனும் கூட இருக்கப்போகிறான். என் இரும்புச் சாவியை மட்டும் கொண்டுவருவேன், கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்க இடம் வேண்டும். அங்கே எந்நேரமும் தண்ணீர் வருகிறது, திறந்துவிட ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். என்னை என்ன செய்வதென்று யோசிக்க வேண்டாம், ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு. உன் கைக்கு அந்த வளர்ப்புதான் வரும் என்று தெரிகிறது.

பேத்திக்கு என் முத்தம். அவளுக்காக வாங்கின செடியைத்தான் நான் கொன்றேன் என்று அவளிடம் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல்லு, ட்ரெய்னேஜ் விஷயத்தில் அவர் சொன்னதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லு. நீ எந்தக் குறையும் இல்லாமல், கேட்காமலே எல்லாம் கிடைத்து, நல்லா இரும்மா.

இப்படிக்கு,
தோற்றுப்போன
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதினது எதுவும் செல்லாது. உறையை ஒட்டப்போகும்போது தையல்காரம்மா துடைப்பத்தோடு வந்தாள். "இன்னிக்கு நீங்க வந்து பாக்காம நான் நகர மாட்டேன்"னு நடு வீட்டில் நின்றாள். மீட்டர் வேறு டீயை வைத்துவிட்டு, "போய்த்தான் பாரேண்டா" என்றான். துருப்பிடித்துப்போன தாழ்ப்பாளை இரண்டு பேருமாகத் தட்டித் திறந்தோம்.

செங்கல் குவியல் மேலே, காரைக்கு நடுவில, கொளுத்தற வெயில்ல, அது நிக்குதும்மா! சாம்பல் பூத்த மாதிரி இலை, கொத்துக் கொத்தா ஊதாப் பூ, ஒவ்வொரு பூவிலேயும் தேனீ. அந்த வாசனை. இந்தக் கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி அதுக்கு யாரும் ஊத்தல, யாரும் எட்டிக்கூடப் பாக்கல. தையல்காரம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுட்டா. "கண்ணு நல்லாத்தான் தெரியுது, இல்லே?"ன்னா. வாஷரைத் திரும்ப மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். மீட்டர் அடைப்போட கிடந்த அந்தத் தொட்டித் துண்டைக் கையில எடுத்துப் பாத்தான், என்னைப் பாத்தான், சிரிக்க ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. இதை மாப்பிள்ளை காதில போடாதே.

ஆக நான் ஜெயிச்சுட்டேன். காரும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம், சைக்கிள் இருந்த இடத்துலேயே இருக்கட்டும். ஆனா நீ சொன்னது "நான் வரும்போது பூத்திருந்தா"ன்னுதான். நீ வந்து பாத்தாத்தான் கணக்கு. பூ எத்தனை நாளைக்கு நிக்கும்னு எனக்குத் தெரியாது.

எழுதிட்டு இருக்கும்போதே கை தானா செம்பை எடுத்துடுச்சு. பின்வாசப்படி வரைக்கும் போயிட்டேன். ஊத்தல. செம்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டு வந்தேன். ஒரு உயிரைக் கண்டுக்காம இருக்கிறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதும்மா. நீ எப்படிப் பழகினேன்னு எனக்கும் வந்து சொல்லிக் குடு.